அம்மா சொன்ன வயது

இன்பமேரிக்கு இரண்டு கணக்கில் வயது ஓடிக்கொண்டிருந்தது. பெற்றவள் வயிற்றிலிருந்து விழுந்த கணக்கு ஒன்று, எஸ்டேட் கணக்கு ஒன்று. எஸ்டேட் கணக்கில் அவள் ஏழு வயது மூத்தவள்.

அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது அவள் அம்மா மரியபுஷ்பம். ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கு அரைக் கூலி, பெரிய ஆளுக்கு முழுக் கூலி. பதின்மூன்று வயது மகளை வேலைக்குச் சேர்க்கக் கூட்டிப்போனாள் மரியபுஷ்பம். பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். பதினெட்டு என்று சொன்னால் பேர் எழுதுகிற ரைட்டர் பேரம் பேசிப் பதினைந்துக்கு இறக்கிவிடுவார், இருபது என்று சொன்னால் பதினெட்டிலாவது வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டாள். சந்தையில் பலாப்பழத்துக்கு விலை சொல்கிற கணக்கு. ரைட்டர் சூசைமாணிக்கம் அப்போது வேலைக்குப் புதுசு, பேரம் பேசத் தெரியாது. இருபது என்றே எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அம்மாவும் மகளும் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து இந்தப் பேர்களை வைத்த சாமியார் வயது கேட்டபோதும் மரியபுஷ்பம் எஸ்டேட் கணக்கையே சொன்னாள். துரையும் சாமியாரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். பேச்சுவாக்கில் குட்டு உடைந்துவிட்டால் என்ன செய்வது? ஆக, கோயிலிலும் இன்பமேரி ஏழு வயது மூத்தவள் ஆனாள். ஆண்டவரிடம் மட்டும்தான் சரியான கணக்கு இருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பெண் கேட்டு வந்தவர்கள் முதலில் எஸ்டேட்டில்தான் விசாரித்தார்கள். நல்ல பெண், ஆனால் வயசு கூட என்று திரும்பிப் போனார்கள். இருபது வயதுக்காரியை இருபத்தேழு என்று ஒதுக்கினார்கள், இருபத்தைந்தில் முப்பத்திரண்டு என்றார்கள். அதற்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். மரியபுஷ்பம் ஒரு தடவைகூட வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதில்லை. மழையில் சரிவில் வழுக்கி விழுந்து அவள் கால் முறிந்து, வேலைப் பதிவில் பேர் அடிபட்டுப் போனபிறகு, எஸ்டேட் கொடுத்த லைன் வீடு மகள் பேரில் இருந்தது. மகள் வேலையில் இருக்கும்வரை வீடு. அதுதான் அந்த எஸ்டேட்டின் சட்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் கோடையில் இன்பமேரிக்கு ஒரு வழி திறந்தது. ஏற்காட்டுக் கன்னியர் மடத்துப் போர்டிங்கில், பள்ளி திறப்பதற்கு முன் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டிருந்தார்கள். போனவள் ஒரு வாரம் அங்கேயே இருந்தாள். லீவுக்கு வீட்டுக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் சிலர் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்கள். போர்டிங்கைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் செல்வமேரி அதைக் கவனித்தார்.

"ஜூன் மாசம் ஆயா வேலைக்கு வந்துடுறியா, இன்பமேரி? தங்க எடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் உண்டு. ஆனா ஒரு விஷயம்." சிஸ்டர் தயங்கித் தன் மேல்வரிசைப் பல்லைத் தொட்டுக் காட்டினார். "அதச் சரி பண்ணிட்டு வா. முன்ன இருந்த ஆயாவுக்கு முன்பல் இல்ல. புள்ளைங்க பேய்னு சொல்லி அழுவுதுங்க, பெத்தவங்க வந்து புகார் சொன்னாங்க. மதர் இந்தத் தடவ கண்டிப்பா சொல்லிட்டாங்க."

நிழல்மரம் வெட்டும்போது கிளை ஒன்று எகிறி வந்து இன்பமேரியின் முகத்தில் அடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு மேல் முன்பல் விழவில்லை. மெல்ல மெல்லக் கறுத்து, இப்போது மாதத்துக்கு ஒரு தடவை ஈறு வீங்கி உதடு வரைக்கும் தள்ளிக்கொண்டு நின்றது. கையால் வாயை மறைத்துப் பேசிப் பேசி அதுவே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆனாலும் அன்று கொட்டச்சேட்டுக்கு நடந்து வரும்போது அவள் வாயை மறைக்கவில்லை. எதிரே வந்தவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தாள். பழம் பறிப்பு இல்லை, அட்டைக்கடி இல்லை, பெரிய மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளை பெறாதவளைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும். வேறு என்ன வேண்டும்?

அதிர்ஷ்டமும் கைகொடுப்பதுபோல் வந்தது. மெட்ராஸிலிருந்து குழந்தைவேல் என்ற இளம் பல் டாக்டர் அந்தக் கோடை முழுக்க ஞாயிறுதோறும் பங்குக்கோயில் மண்டபத்தில் இலவச வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைப் பிடுங்காமலே, உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு, வேர்க்குழியைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவாராம். ரூட் கேனால் என்று அதற்குப் பேர். மூன்று தடவை போக வேண்டும். பல் இருந்த இடத்திலேயே இருக்கும். கறுப்பைக்கூட ஓரளவு வெளுக்க வைக்கலாமாம்.

பல்லை அப்படி அடைத்துக்கொள்ள வந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மிட்டாய் தின்று கெட்ட போர்டிங் பிள்ளைகள். கல்யாணம் நிச்சயமாகப் போகிற பெண்கள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போகிற பையன்கள். அதோடு சரி. கல்யாணமான பெண்ணின் பல்லைப் பற்றி யாருக்கு என்ன கவலை, மாமியாரையா கடிக்கப் போகிறாள்? பிள்ளை பெற்றவர்களும் நரை விழுந்தவர்களும் வந்தால் இடுக்கி ஒன்றுதான்.

டாக்டர் அதை ஒரு விதியாகவே வைத்திருந்தார். நாற்பதுக்குக் கீழே என்றால் ரூட் கேனால், நாற்பது தாண்டினால் பிடுங்கல். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வயதானவர்கள் வலி நின்றதும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள், பாதியில் விட்ட பல் முன்னைவிட மோசமாகச் சீழ்பிடிக்கும் என்று முதல் சில வாரங்களில் கண்டிருந்தார். எந்த வயதுக்காரர்கள் பல்லைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். நாற்பதுக்கு மேல் ஒருவர்கூட இல்லை என்று சாமியாரிடம் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் வரவில்லையே என்று ஆச்சரியப்படுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்ததும் இன்பமேரி மண்டபத்துக்குப் போனாள். ஆடுகிற பல் இரண்டைக் காட்ட வேண்டும் என்று மரியபுஷ்பமும் கோலை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தாள். எஸ்டேட் ஆட்களை அடையாளம் சொல்வதற்காக ரைட்டர் சூசைமாணிக்கம் டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதுசாக இருந்தவர் இப்போது தொந்தி போட்டு, வெற்றிலை போட்டு, எஸ்டேட்டையே தன் சட்டைப்பையில் வைத்திருப்பவர்போல ஆகியிருந்தார்.

டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார். இன்பமேரி துள்ளினாள்.

"வேர் நல்லா இருக்கு. நரம்புதான் செத்துப்போச்சு. காப்பாத்தலாம். வயசு என்னம்மா?"

"முப்பத்துநாலுங்க."

ரைட்டர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு சிரித்தார். "ஏம்மா இன்பமேரி, நீ எப்பிருந்து எளசா ஆவ ஆரம்பிச்சே? நாப்பத்தொண்ணுங்க டாக்டர். நானே எழுதினது."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முன்நெற்றியில் நரை. வெயிலும் மழையும் உழுது போட்ட முகம். தடித்துப்போன விரல்கள். யாருக்குத்தான் முப்பத்துநாலு என்று நம்பத் தோன்றும்?

"எனக்கு நெசமாலுமே முப்பத்துநாலுதானுங்க. கூலிக்கோசரம் அன்னிக்கிக் கூட்டிச் சொன்னதுங்க. எங்கம்மா அங்கதான் இருக்குது, கேட்டுப் பாருங்க" என்றாள் இன்பமேரி. இருபத்தொரு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டதில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் நல்லவர்தான். பெஞ்சில் இருந்த மரியபுஷ்பத்தைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, நீங்கதான் பெத்தவங்க. உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்க, மகளுக்கு வயசு என்ன?"

மரியபுஷ்பம் ரைட்டரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு சொல், அவ்வளவுதான். பிறந்த நாளிலிருந்து அவள் அம்மாவிடம் வேறு எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"நாப்பத்தொண்ணுதானுங்க சாமி" என்றாள் மரியபுஷ்பம்.

அதற்குமேல் என்ன இருக்கிறது? பெற்றவளே சொல்லிவிட்டாள். டாக்டர் இடுக்கியை எடுத்தார். இன்பமேரி எழுந்து போய்விடத்தான் பார்த்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க வலியில் அவள் சோறு தின்னவில்லை, தூங்கவில்லை. இப்படியே விட்டால் சீழ் கண்வரைக்கும் ஏறும் என்று டாக்டர் சொன்னார். மரியபுஷ்பம் கோலை ஊன்றி வந்து மகள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "பல்லுதான கண்ணு. போனாப் போவுது." ஊசி குத்தினபிறகு இன்பமேரிக்கு உதடும் இல்லை, பேச்சும் இல்லை.

பிடுங்கின பல்லை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நீளமான வேர். இன்னும் இருபத்தஞ்சு வருஷம் தாங்கியிருக்கும். அட, உள்ள குழிகூட அகலமா இருக்கே. சின்ன வயசு ஆளுங்களுக்குத்தான் இப்படி இருக்கும்" என்று புருவத்தைச் சுருக்கினார். ஒரு நிமிஷம் இன்பமேரியைப் பார்த்தார். அடுத்த ஆள் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினான். பல் தட்டில் விழுந்தது.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அம்மா பின்னால் கோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மரியபுஷ்பம் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, மகள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். இன்பமேரி பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"ரைட்டரு பக்கத்துல இருந்தாரே கண்ணு. பொய் சொல்லித்தான் கூலி வாங்குனோம்னு தெரிஞ்சா சும்மா உடுவாங்களா? வாங்குனதயெல்லாம் திருப்பிக் கட்டுன்னா எங்க போறது?"

இன்பமேரி அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பயம் அந்த லைனில் எல்லா வீட்டிலும் அடுப்புக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கஞ்சியைக் குடித்தாள். மறுநாள் சிஸ்டரைப் பார்க்கப் போனாள். சிஸ்டர் செல்வமேரி அவள் வாயைப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். சேலத்துக்குப் போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று இன்பமேரி கேட்டாள். "மதர் கிட்ட சொல்லிப் பாக்குறேன்மா" என்றார் சிஸ்டர். அவள் கையில் காசு சேர்வதற்கு முன்பே பள்ளி திறந்துவிட்டது. பக்கத்து ஊர் செம்மநத்தத்துத் தேவகுமாரி ஆயாவாகப் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குப் பல் வரிசை முத்துமாதிரி இருக்கும்.

ஜூலை மழையில் ஒரு நாள் ஸ்டோர் வாசலில் ஒதுங்கி நின்றபோது ரைட்டர் அவளைக் கூப்பிட்டார்.

"போர்டிங் வேலைக்கோசரம்தான அன்னிக்கி வயச மாத்திச் சொன்னே? எங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"பொய்யின்னு தெரிஞ்சா கூலியப் புடிச்சிக்குவாங்கன்னு அம்மாவுக்குப் பயமுங்க."

ரைட்டர் வாய்விட்டுச் சிரித்தார். "தெரிஞ்சாவா? இந்த எஸ்டேட்டுல பாதிப் பேரு என் பேனாவுலதான் பொறந்தாங்க. ஆருக்குத் தெரியாது? டாக்டருகிட்ட வந்ததுக்கு முந்தின நாளு உங்கம்மா என்கிட்ட வந்துதே. 'அவளுக்கு அங்க வேல ஆயிட்டா எனக்கு ஊடு இருக்குங்களா'ன்னு கேட்டுது. இருக்காதும்மான்னு உள்ளதச் சொன்னேன். டாக்டருகிட்ட உங்கம்மா முப்பத்துநாலுன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிக்கிட்டே உட்டிருப்பேன்."

மழை விட்டதா இல்லையா என்று இன்பமேரிக்குத் தெரியவில்லை. நனைந்துகொண்டே லைனுக்கு வந்தாள். மரியபுஷ்பம் அடுப்பில் ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ரைட்டருகிட்ட முன்னாலயே போயிக் கேட்டியாம்மா?"

மரியபுஷ்பம் ஊதுவதை நிறுத்தவில்லை. புகைக்குள்ளிருந்தே சொன்னாள். "நீ போர்டிங்குல போய் மகராசியாட்டம் படுத்துக்குவே. நான் இந்தக் கால வெச்சிக்கிட்டு எங்க போறது? அடிவாரத்துல பஸ்ஸுக்கு நிக்கறவங்ககிட்டப் பிச்ச எடுக்கவா? உன்னப் பெத்து வளத்ததுக்கு ஒரு ஊடுகூடத் தரமாட்டியா?"

மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன், சம்பளத்தில் வாடகை கட்டி உன்னை வைத்திருப்பேன் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். இன்பமேரிக்கு அழுகை வரவில்லை. தன் அம்மாவை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெறுத்தாள், அந்த வெறுப்பு அவளுக்கே பயமாக இருந்தது. ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, அம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தானே அடுப்பை ஊதினாள். பல் போன சந்து வழியாகக் காற்று வேறு பக்கம் போனது.

அதற்குப் பிறகு இருவரும் அந்த ஒற்றை அறையில்தான் இருந்தார்கள். மரியபுஷ்பத்துக்குப் பல் எல்லாம் உதிர்ந்தது. இன்பமேரி சோற்றைக் குழைய வடித்துப் போட்டாள், காலுக்கு எண்ணெய் தேய்த்தாள், கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அம்மாவை அப்படிப் பார்த்துக்கொள்கிற மகள் மலையிலேயே இல்லை என்று லைனில் சொல்லிக்கொண்டார்கள். வேண்டியதைச் செய்தாள், வேண்டாத ஒரு சொல் பேசவில்லை. வேண்டிய சொல்லும் பேசவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பழம் பறிப்பு முடிகிற சமயத்தில், சூசைமாணிக்கத்துக்குப் பின்னால் ரைட்டராக வந்திருந்த மாதையன் லைன் வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க இன்பமேரியக்கா, உங்களுக்கு இந்த மாசத்தோட அம்பத்தெட்டு முடியுதுங்க. ரிட்டேர்டு. ஊட்டையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுக்கணுமாமுங்க."

மரியபுஷ்பத்துக்குக் காது மந்தம். ஆனால் ஊடு என்ற சொல் மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது. என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். எந்த வீட்டைக் காப்பாற்ற அந்த வயதைச் சொன்னாளோ, அந்த வயது வந்து வீட்டைக் கேட்டது. சரியான கணக்கில் இன்னும் ஏழு வருஷம் இருக்க வேண்டியது. அவளுக்கும் எழுபது தாண்டிவிட்டது, அந்த ஏழு வருஷத்துக்குள் அவள் கணக்கு முடிந்திருக்கும்.

மாதையன் இரக்கப்பட்டான். "புது மேனேஜரு நல்லவருங்க. இங்க வயசெல்லாம் தாறுமாறா இருக்குதுன்னு அவருக்கே தெரியும். கீழ் லைனு மாதம்மாளுக்கு அவங்கப்பன் வந்து சொன்னதும் மாத்திக் குடுத்தாரு. பெத்தவங்க ஒருக்கா, வேல செய்யறவங்க ஒருக்கா, ரெண்டு பேரும் நேர்ல வந்து ஒரே வயசச் சொன்னாப் போதுமுங்க."

மறுநாள் காலை மரியபுஷ்பம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். மேனேஜர் இளவட்டம். அவள் நிற்பதைப் பார்த்ததும் தன் கையாலேயே நாற்காலியை எடுத்துப் போட்டார். மரியபுஷ்பம் உட்காரவில்லை, கும்பிட்டபடியே நின்றாள்.

"எம்புள்ளைக்கு அம்பத்தொண்ணுதானுங்க சாமி. நாந்தான் பாவி, கூலிக்கோசரம் ஏழு வயசு கூட்டிச் சொல்லிப்போட்டேன். டாக்டருகிட்டயும் பொய் சொன்னேன். மாதாமேல ஆணையா அம்பத்தொண்ணுதானுங்க." பொக்கை வாயில் எச்சில் வழிய அழுதாள். அது நடிப்பு இல்லை. அவள் வாழ்நாளில் மகளைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது.

மேனேஜர் இன்பமேரி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வயசு என்ன?"

இன்பமேரி அம்மாவைப் பார்த்தாள். கிழவி கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் கெஞ்சல் இன்பமேரிக்குத் தெரிந்த கெஞ்சல்தான். கோயில் மண்டபமும் வெற்றிலை வாசனையும் தோளை அழுத்தின கையும் நேற்று நடந்ததுபோல வந்து நின்றன. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்வது மடத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்பமேரிக்கும் தெரியும். அவளுக்கும் அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

"அம்பத்தெட்டுங்க" என்றாள். வாயைக் கையால் மறைத்துக்கொள்ளவில்லை.

"என்னம்மா சொல்றீங்க? உங்கம்மா—"

"அம்மாவுக்கு வயசாயிப்போச்சுங்க, என்னமோ ஒளறுது. அம்பத்தெட்டுதானுங்க."

மாதையன் அவளையே வாய் பிளந்து பார்த்தான். மேனேஜர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பேனாவை மூடி வைத்தார்.

திரும்பி வரும் வழியில் பாதித் தூரம் மரியபுஷ்பம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு நடுப்பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்கண்ணு அப்படிச் சொன்னே?" என்றாள்.

"மேனேஜரு பக்கத்துல இருந்தாரேம்மா" என்றாள் இன்பமேரி.

இன்பமேரி கையைக் கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். மதியச் சோறு வடிக்க வேண்டும், அதுவும் குழைய வடிக்க வேண்டும். மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குப் பிறகு எங்கே போவது என்று இருவருக்கும் தெரியாது.